சீட்டி இருந்த பதினாலு மாதம்

ஜெபதுரை அண்ணாச்சி மின்வாரியத்தில் வயர்மேன். கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாகப் போஸ்ட் ஏறுகிறார். ஒரு தடவைகூட ஷாக் வாங்கியதில்லை. சப்ளையை நிறுத்தியாகிவிட்டது என்று யார் சொன்னாலும், தானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கம்பியில் கை வைப்பார். மனைவி ஆஸ்லின் வீட்டிலேயே தையல். புதியம்புத்தூரிலிருந்து வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும், நைட்டியாகத் திரும்பிப் போகும். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள்.

2023 டிசம்பர் மூன்றாவது வாரம் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சொட்டு மழைக்கு வானத்தைப் பார்க்கிற கரிசல் பூமியில், ஒரு ராத்திரியும் ஒரு பகலும் நிற்காமல் கொட்டியது. கண்மாய்கள் நிறைந்து மறுகால் பாய்ந்தன. பள்ளமான தெருக்களில் நெஞ்சளவுத் தண்ணீர். ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. மறுபடி சப்ளை கொடுக்கும்போது தண்ணீருக்குள் நிற்கிற வீடுகளில் யாருக்கும் ஏதும் ஆகிவிடக் கூடாது என்று, ஜெபதுரையும் உடன் வேலை பார்க்கும் சுடலைமணியும் வீடு வீடாகப் போய் மீட்டர் பெட்டியிலிருந்து பியூஸைப் பிடுங்கி வந்தார்கள்.

கடைசித் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீடு. பியூஸைப் பிடுங்கிவிட்டுத் திரும்பும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மெல்லிசாக, விட்டுவிட்டு, யாரோ சீட்டியடிக்கிறமாதிரி.

"ஏலே சுடல, கேக்குதா?"

"பாத்திரம் மிதந்து உரசும் அண்ணாச்சி. வாங்க போவோம்."

ஜெபதுரை போகவில்லை. உடைந்திருந்த ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். அறையில் கட்டில் மூழ்கி, அதன் மேல் ஒரு கம்பிக்கூண்டு பாதி தண்ணீரில் நின்றது. கூண்டுக்குள் தீவனக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, பின்னங்காலில் நின்று, முகத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பிராணி இவரையே பார்த்தது. எலி இல்லை. முயலும் இல்லை. வாலே கிடையாது. வெள்ளையும் தவிட்டு நிறமும். டார்ச் வெளிச்சம் பட்டதும் மறுபடி சீட்டியடித்தது.

"என்னைக் கூப்பிட்டுச்சுய்யா" என்று பின்னாளில் எல்லோரிடமும் சொல்வார். "உயிர் போற நேரத்துல கத்தல, அழல. கூப்பிட்டுச்சு."

வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, அவர் சொன்னபிறகு தாழ்ப்பாளை நெம்பித் திறந்தார். உள்ளே இடுப்பளவுத் தண்ணீரில் போய்க் கூண்டைத் திறந்து, அதை எடுத்துத் தன் ஹெல்மெட்டுக்குள் வைத்து, ஹெல்மெட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்லின் ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"ஏங்க, எலியவா கொண்டாந்திருக்கிய?"

"எலி இல்ல."

"பின்ன என்னது?"

"தெரியல."

மகள்தான் வீடியோ காலில் பார்த்து, "அப்பா, அது கினிப்பன்றி" என்றாள். ஆஸ்லின் பன்றி என்ற சொல்லைக் கேட்டு இன்னும் ஒரு அடி பின்னால் போனார். ஆனால் அது நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, மெஷினில் கிடந்த துண்டுத் துணிகளை அள்ளிக்கொண்டு வந்து சுற்றியவரும் அவர்தான்.

அந்த வீட்டில் குடியிருந்தவர் மில்லில் வேலை பார்த்த வடக்கத்திக்காரர். மழைக்கு ஒரு வாரம் முன்பு ஊருக்குப் போனவர், தினமும் இரை வைக்க ஒரு ஆளைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். மழையில் அந்த ஆளால் வர முடியவில்லை. குடியிருந்தவரைப் போனில் பிடித்துக் கேட்டபோது தடுமாறினார். இனிமேல் திரும்பி வருவதாக இல்லையாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வயது எவ்வளவு என்று கேட்டதற்குச் சரியாகத் தெரியவில்லை. மதுரையில் யாரோ கொடுத்தது, அப்போதே பெரிதாகத்தான் இருந்தது என்றார்.

ஆஸ்லின் அதற்குச் சீட்டி என்று பெயர் வைத்தார்.

அடுத்த சில வாரங்கள் அந்த வீட்டில் ஆச்சரியம் மேல் ஆச்சரியம். சீட்டி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலிருந்து நாலு காலும் தரையை விட்டு எழும்ப, பொரியரிசி வெடிக்கிறமாதிரி எகிறிக் குதித்தது. பிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் சீட்டி. மல்லிக்கீரைக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டால் அதைவிடப் பெரிய சீட்டி. தெருவில் எத்தனையோ பைக் போகும். ஜெபதுரையின் பைக் திருப்பத்தில் வரும்போதே அதற்குத் தெரிந்துவிடும்.

"நாப்பது வண்டி போவுது. எனக்கே இவிய வண்டி எதுன்னு தெரியாது" என்று ஆஸ்லின் என் மனைவியிடம் சொன்னார். "இது சொல்லிரும். அது கூப்பிட்டா நான் உலையில அரிசியப் போட்டுருவேன்."

தையல் மெஷினின் அடியில்தான் அதன் இருப்பிடம். மோட்டார் ஓடுகிற அதிர்வு அதற்குப் பிடித்திருந்தது. மெஷின் நின்றால் எழுந்து வந்து ஆஸ்லினின் கால்விரலை மூக்கால் தொடும்.

ஒரு மாதம் போனதும் அது லேசாக நொண்டியது. ஜெபதுரை தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் வரிசையில் நின்று முறை வந்ததும், டாக்டர் உமாராணி அதன் கால் மூட்டையும் ஈறையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு வைட்டமின் சி பத்தல. ஆடு, மாடு, நாய், எலி எல்லாம் அந்தச் சத்தைத் தன் உடம்புலயே செஞ்சிக்கும். இதுக்கு அது முடியாது. தினமும் சாப்பாட்டுல வந்தாகணும். மனுசனுக்கு எப்படியோ அப்படித்தான்."

"மனுசனுக்கும் முடியாதா?"

"நமக்கும் முடியாது."

ஜெபதுரை அன்று ஆபீஸுக்குப் போய் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து இதைச் சொன்னார். கர்த்தர் எத்தனையோ மிருகங்களைப் படைத்தார், எலிக்குக்கூடக் கொடுத்ததை நமக்கும் இதற்கும் கொடுக்கவில்லை, இரண்டு பேரையும் ஒரே குறையோடு அனுப்பியிருக்கிறார் என்று அவர் சொன்னதாகச் சுடலைமணி என்னிடம் சொன்னான். அன்றிலிருந்து கொய்யாத்துண்டும் குடமிளகாயும் சீட்டிக்குத் தினப்படி ஆயிற்று. நொண்டல் பதினைந்து நாளில் போய்விட்டது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நாளெல்லாம் காய்ந்த புல் மெல்ல வேண்டும். அதற்கு ஜெபதுரை பக்கத்துக் கிராமமான இடைசெவலில் ஜானகியம்மாளிடம் போனார். ஐந்து ஏக்கர் கரிசல் நிலத்தைத் தனியாகப் பார்க்கிற விவசாயி. அவருடைய பம்புசெட் லைனில் பழுது என்றால் ஜெபதுரைதான் போவார். காய்ந்த புல் வேண்டும் என்றதும், ஏதோ பசுமாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து ஒரு வண்டிப் பாரம் எடுத்து வைக்கப் பார்த்தார் அந்த அம்மாள். பைக்கின் பின்னால் குதிரைவாலித் தானியத்தின் காய்ந்த தாளில் ஒரு சிறு கட்டு மட்டும் கட்டிக்கொண்டு ஜெபதுரை கிளம்பியபோது, "இம்புட்டுப் போதுமா அந்த மாட்டுக்கு?" என்றார். மறுவாரம் டவுனுக்கு வந்தவர், நேரில் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

2024 நவம்பரில் ஒரு நாள். ஆஸ்லின் மல்லித்தழையை நீட்டினார். சீட்டி ஓடி வந்தது. தழையை வாயில் வாங்கியது. இரண்டு தரம் தாடையை அசைத்தது. கீழே போட்டுவிட்டது. மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. பசி இருக்கிறது, ஆசை இருக்கிறது, தின்ன முடியவில்லை.

"ஏங்க, இது என்னமோ சரியில்ல" என்று ஆஸ்லின் போனில் சொன்னபோது ஜெபதுரை போஸ்டின் உச்சியில் இருந்தார். இறங்கி வந்து, சுடலைமணியிடம் மீதி வேலையை ஒப்படைத்துவிட்டு வந்தார்.

டாக்டர் உமாராணி சின்ன லைட்டை வாய்க்குள் அடித்துப் பார்த்தார். இந்தப் பிராணிக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், மென்றுகொண்டே இருந்தால்தான் தேயும் என்று விளக்கினார். சீட்டியின் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாக வளைந்து வளர்ந்து, பாலம்போல ஒன்றையொன்று தொட்டுவிட்டன. நாக்கு அதன் அடியில் மாட்டிக்கொண்டது.

"எத்தன நாளா இப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டார் ஜெபதுரை.

"ரெண்டு மூணு வாரம்கூட இருக்கலாம். இதுங்க நோவை வெளிய காட்டாது அண்ணாச்சி. காட்டுக்குள்ள நோவைக் காட்டுனா வேற மிருகம் அடிச்சிரும். அதனால கடைசி வரைக்கும் மறைக்கும்."

அந்த மூன்று வாரமும் அது பைக் சத்தத்துக்குச் சீட்டியடித்தது. மெஷின் நின்றபோது விரலைத் தொட்டது. ஜெபதுரைக்கு அதை நினைக்க நினைக்க நம்ப முடியவில்லை.

"எம் மேலதான் தப்பா? மொத மாசம் தெரியாமச் சோறு வச்சோம். பிஸ்கட்கூட வச்சோம்."

"இல்ல. வேர்லயே கோளாறு. பழசு. நீங்க கூட்டிட்டு வந்தப்பவே இதுக்கு நாலு வயசுக்கு மேல. இவ்வளவு நாள் இருந்ததே நீங்க கொடுத்த புல்லாலதான்."

திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்து, வளர்ந்த பல்லை ராவிக் குறைத்தார்கள். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று சொல்லித்தான் உள்ளே எடுத்துப் போனார்கள். ஆஸ்லின் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பைபிளில் சங்கீதம் வாசித்தார். ஜெபதுரை நின்றுகொண்டே இருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கையில் கொடுத்தபோது, அது அரைமயக்கத்தில் அவர் சட்டைப் பொத்தானை மோந்து பார்த்தது.

பல் சரியானாலும் தாடைக்கு வலு வரவில்லை. கையால் ஊட்ட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஏதாவது உள்ளே போகாவிட்டால் குடல் நின்றுவிடும், குடல் நின்றால் உயிர் நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்லின் குதிரைவாலித் தாளைச் சின்னதாக நறுக்கி, மிக்சியில் தூளாக்கி, தாவணித் துணியில் சலித்து, மல்லித்தழையோடு அரைத்துக் கூழாக்கினார். ஊசி இல்லாத சிரிஞ்சில் அதை எடுத்து, வாயோரமாக விட்டு, சொட்டுச் சொட்டாக. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். பகலில் ஆஸ்லின். வேலை முடிந்து வந்தபின் ஜெபதுரை. ஷிப்டு மாதிரி முறை போட்டுக்கொண்டார்கள். அந்த மாதம் நைட்டிக் கட்டுகள் பாதிதான் திரும்பிப் போயின.

தினமும் எடை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தெருமுனையில் மாரிச்சாமியின் கடலைமிட்டாய்க் கடையில் எலக்ட்ரானிக் தராசு உண்டு. காலையில் கடை திறந்ததும் தராசில் ஒரு வெள்ளைத் துணி விரித்துச் சீட்டியை வைப்பார்கள். நல்லபடியாக இருந்தபோது தொள்ளாயிரத்து நாற்பது கிராம். பல் ராவியபின் எழுநூற்றுப் பத்து. ஒரு வாரத்தில் எழுநூற்று நாற்பது. அப்போது கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். டீக்கடைக்காரர், பள்ளிக்கூட வேன் டிரைவர், நான், எல்லோரும் "இன்னைக்கு எம்புட்டு?" என்று கேட்கப் பழகிவிட்டோம். காய்கறிக்கார அம்மாள் மல்லிக்கட்டில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்தார். கிறிஸ்துமஸுக்கு எழுநூற்று எண்பது. ஜெபதுரை வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டும்போது பாட்டுப் பாடியதை நான் முதல்முதலாகக் கேட்டேன்.

பொங்கல் கழிந்து எடை இறங்க ஆரம்பித்தது. எழுநூறு. அறுநூற்று முப்பது. மாரிச்சாமி எண்ணைச் சத்தமாகச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். தராசைத் திருப்பி ஜெபதுரைக்கு மட்டும் காட்டுவார். பிப்ரவரியில் ஐந்நூற்று ஐம்பதாயிற்று. பற்கள் மறுபடி வளைந்துவிட்டன. இன்னொரு மயக்க மருந்தை இந்த உடம்பு தாங்காது என்றார் டாக்டர்.

"வலி மருந்து கொடுக்கலாம். ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. வேணும்னா வலியில்லாமத் தூங்க வச்சிரலாம். நீங்க ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து ஜெபதுரை முடியவே முடியாது என்றார். "தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு என்னையக் கூப்பிட்டுச்சு. ஏட்டி, காப்பாத்துன கையால நான் எப்படிக் கொண்டு போய்க் கொடுப்பேன்?"

மூன்றாவது நாள் மாலை ஜெபதுரையின் பைக் திருப்பத்தில் வந்தது. மெஷினுக்கு அடியில் கிடந்த சீட்டி தலையைத் தூக்க முயன்றது. தூக்க முடியவில்லை. வயிறு மட்டும் உள்வாங்கி உள்வாங்கி வெளியே வந்தது. சத்தம் வரவில்லை. அது கூப்பிடுகிறது என்பது ஆஸ்லினுக்குப் புரிந்தது. ஜெபதுரை உள்ளே வரும்வரை அந்த வயிறு அசைந்துகொண்டே இருந்ததாம்.

"வலிக்குது அதுக்கு" என்றார் ஆஸ்லின். "பல்லக் கடிக்கிற சத்தம் பகல் பூரா கேக்குது. உங்களுக்காக இருக்கு அது. நமக்காக இன்னும் இருன்னு சொல்லக் கூடாதுங்க."

ஜெபதுரை தரையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்குக் காலைல போவோம்" என்றார்.

மறுநாள் கால்நடை மருத்துவமனையில் நல்ல கூட்டம். ஆட்டுக்கிடாயோடு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், ஆஸ்லினின் மடியைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கிடாயை ஓரமாக இழுத்துக்கொண்டார். "முந்திப் போங்க தாயி."

டாக்டர் மேசையில் வைக்கச் சொல்லவில்லை. ஆஸ்லின் மடியிலேயே இருக்கட்டும் என்றார். முதலில் மயக்கத்துக்கு ஒன்று. சீட்டி தளர்ந்து ஆஸ்லினின் உள்ளங்கையில் தாடையை வைத்துக்கொண்டது. ஜெபதுரை இரண்டு விரலை அதன் நெஞ்சில் வைத்திருந்தார். அந்த இதயம் ஓடுகிற வேகத்தை அவர் பல தடவை எண்ணப் பார்த்துத் தோற்றிருக்கிறார். விரலுக்கடியில் அது ஒரு மோட்டார் மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும், தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இரண்டாவது ஊசி போட்டபின் அது மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண முடிந்தது. பதினேழு வரை எண்ணினார். பதினெட்டாவதற்குக் காத்திருந்தார்.

"வரல" என்றார்.

டாக்டர் உமாராணி ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. வெளியே கிடாய் கத்திக்கொண்டிருந்தது.

"இந்த அரைக் கிலோவுக்குள்ள இம்புட்டு உயிரு எங்கன இருந்துச்சு டாக்டரம்மா?" என்று கேட்டார் ஜெபதுரை.

வாடகை வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தரை. புதைக்க இடமில்லை. ஜானகியம்மாள் செய்தி கேட்டு, "இங்கன கொண்டாங்க" என்றார். இடைசெவலில் அப்போது உளுந்து அறுப்பு முடிந்து, பருத்தி வெடித்து நின்றது. வரப்போரம் ஒரு வன்னிமரத்தடியைக் காட்டினார். ஜெபதுரை கடப்பாரையை வாங்கினார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ போஸ்டுக்குக் குழி தோண்டியவர், ஒவ்வொன்றும் ஐந்தடி ஆழம். இது ஒன்றரை முழம். மேல்மண் வெடித்துக் கிடந்தது. அடியில் இன்னும் ஈரம் இருந்தது, கறுப்பாக, பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. ஆஸ்லின் நைட்டித் துணியில் சுற்றி வைத்தார். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் மடிப்பருத்தியோடு வந்து நின்றார்கள். ஜெபதுரை ஜெபம் செய்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றினார் ஜானகியம்மாள்.

மறுநாள் லீவு கேட்டபோது, காரணம் என்ன என்று ஆபீஸில் கேட்டார்கள். வீட்டில் ஒரு சாவு என்றார். யார் என்று கேட்டார்கள். சொன்னார். அவருக்கு மேலே இருந்த இளம் என்ஜினியர் விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு நாளா எடுத்துக்கோங்க அண்ணாச்சி."

முதல் வாரம் ஆஸ்லினுக்கு மெஷினில் உட்கார முடியவில்லை. கால் அசைந்தால் கீழே எதுவோ படும் என்று தோன்றியது. காய்கறிக்கார அம்மாள் வழக்கம்போல் மல்லிக்கட்டை எடுத்து நீட்ட, வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் வாங்கிக்கொண்டு வந்து துவையல் அரைத்தார். இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதார்கள். மூன்று மணி நேரத்துக்கொருமுறை உடம்பு தானாக எழுந்தது. எழுந்தபின் செய்ய ஒன்றும் இல்லை. அந்த நேரங்களில் ஜெபதுரை சீட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆஸ்லினும் பேசினார். அது முதன்முதலாக எகிறிக் குதித்த நாள், நிலக்கடலைத் தோலைக் கண்டு பயந்த நாள் என்று பேசப் பேச மூச்சு கொஞ்சம் இலகுவானது. அடுத்த வாரம் மெஷின் ஓடுகிற சத்தம் தெருவில் கேட்டது.

மார்ச் மாதம் சபையில் ஸ்தோத்திரக் கூட்டம். அந்த வருடம் பெற்ற நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். மகனுக்கு வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று சொல்லி வந்தார்கள். ஜெபதுரை எழுந்தார். நானும் அன்று போயிருந்தேன்.

"போன டிசம்பருக்கு முந்துன டிசம்பர்ல வெள்ளத்துல ஒரு சீவன் எங்களுக்குக் கெடச்சது. பதினாலு மாசம் எங்க வீட்ல இருந்துச்சு. போன மாசம் போயிருச்சு. அம்பத்திரண்டு வருசமா இந்தப் பூமியில இருக்கேன். இப்படி ஒண்ண ஆண்டவர் செஞ்சி வச்சிருக்காருன்னு தெரியாமலே செத்திருப்பேன். காமிச்சாரு. அதுக்கு ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பாஸ்டர் அடுத்த பாட்டைச் சொல்ல மறந்து நின்றார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பாடகர் குழுவில் பாடுகிற ஜேம்ஸ்ராஜ் அவரை மறித்தார். "அண்ணாச்சி, அதுக்குப் பல்லு சாகுற வரைக்கும் வளரும்னு சொல்லுதாங்களே, நெசமாவா?"

"நெசந்தான்" என்று ஆரம்பித்தார் ஜெபதுரை. வாய்க்குள் எத்தனை பல், எது எந்தப் பக்கம் தேயும் என்று உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினார். ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்லின் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, விட்டுப்போனதைத் தானும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.